இடது கை முறை

அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா தம்பி? நிறுத்த வேணாம், பாருங்க, நல்லாப் பாருங்க. குறைச்சா போதும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடின்னா இப்படிக் கேட்டிருக்க மாட்டேன். போனை வாங்கி சன்னல் வழியா எறிஞ்சிருப்பேன். இப்ப நானே வீடியோ போடறவன். நீங்க பாத்துக்கிட்டிருக்கிறதுகூட நான் பாத்ததுதான். கடைசில ஒண்ணும் இல்ல அதுல.

விருத்தாசலத்துலேருந்தே வர்றீங்களா? நான் சாத்தங்குப்பம் போறேன். நீங்க அதையும் தாண்டியா? நல்லதாப் போச்சு. ஊரு வந்தா சொல்லுங்க, எனக்கு இந்தப் பக்கம் பழக்கமில்ல.

என் பேரு கலியபெருமாள். அரசு உயர்நிலைப் பள்ளியில அறிவியல் ஆசிரியர். இருபத்தேழு வருஷம் ஆச்சு. ஒரு பொண்ணக் கூட்டிட்டு வரப் போறேன். அப்படிப் பாக்காதீங்க, என் மாணவி. பத்தாவது. பேரு நிவேதா. காலாண்டு லீவு முடிஞ்சதுலேருந்து ஸ்கூலுக்கே வரல. இந்த வாரத்துக்குள்ள வந்து சேந்தா பொதுத்தேர்வுக்குப் பேரு அனுப்பலாம். வரலன்னா அவ்வளவுதான், படிப்பு நின்னுச்சு. அவங்க அம்மா அஞ்சலாட்சி, முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க. இப்ப அவளும் பக்கத்துல ஒக்காந்து உடைக்கிறாளாம். அந்தத் தோல்ல ஒரு எண்ணெய் இருக்கும் பாருங்க, அது பட்டு விரலெல்லாம் கறுத்துப் போச்சாம். தை பொறந்தா பனியன் கம்பெனிக்கு அனுப்பிடலாம்னு வீட்டுல பேச்சு.

இதுக்கு நான் ஏன் போகணும்னு கேப்பீங்க. கேளுங்க. நானும் அதைத்தான் ஹெச்.எம்.கிட்டக் கேட்டேன். அவரு எதையும் முடிவு பண்ணாத மனுஷன், சம்பளப் பட்டியல்ல கையெழுத்துப் போடறதுக்கே நாலு பேரக் கேப்பாரு. அவரே சொல்றாரு, "நீங்க பண்ணதுதானே சார், நீங்களே போயிட்டு வாங்க"ன்னு. நான் என்ன பண்ணேன்னு நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க. வெளியாளு சொன்னாத்தான் சரியா இருக்கும்.

எங்க ஸ்கூலுக்கு பிரிசில்லான்னு ஒரு டீச்சர் மாறுதல்ல வந்துச்சு. கணக்கு. என் பொண்ணு வயசுதான் இருக்கும். வந்த மாசமே, காகிதத்தை மடிச்சுப் பின்னம் நடத்தறத வீடியோ எடுத்து முகநூல்ல போட்டுடுச்சு. எனக்கு எப்படி இருக்கும்? நேரா ஹெச்.எம். அறைக்குப் போனேன். "வாத்தியார் வேலைங்கிறது நாலு செவுத்துக்குள்ள நடக்கற வேலை சார். இது என்ன, கூத்துக் கொட்டகையா?"ன்னு கேட்டேன். எழுதிக் குடுங்கன்னாரு. எழுதிக் குடுத்தேன். 'மாணவர்களின் முகத்தைப் பொதுவெளியில் காட்டுவது அவர்கள் எதிர்காலத்தைப் பாதிக்கும்'னு எழுதினேன். நல்ல வரி அது. எனக்குத் தமிழ் நல்லா வரும்.

அந்தப் பொண்ணு சண்டைக்கெல்லாம் வரல. "சார், நான் போடறது காகிதத்தையும் என் கையையும்தான். புள்ளைங்க முகம் ஒண்ணுகூட இருக்காது. பாத்தீங்களா?"ன்னுச்சு. நான் பாக்கல. பாக்காமத்தான் எழுதினேன். அதை எழுதறதுக்கு எதுக்குப் பாக்கணும்?

"எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?"ன்னு கேட்டேன். "இந்த ஸ்கூல்ல கணக்குக்கு நான் ஒருத்திதான் சார். எனக்கு ஒரு சந்தேகம்னா யாரக் கேக்கறது? அங்க கேட்டா நாலு ஊர்லேருந்து நாலு டீச்சர் சொல்லுவாங்க"ன்னுச்சு. சந்தேகம் வர்றவங்க ஏன்மா வாத்தியார் வேலைக்கு வர்றீங்கன்னு கேட்டேன். ஆசிரியர் அறையில எல்லாரும் சிரிச்சாங்க. அதுவும் சிரிச்சுது. நல்ல பொண்ணு, சும்மா சொல்லக்கூடாது.

அப்பறம் எப்படி நான் இதுக்குள்ள வந்தேன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல. இருந்தாலும் சொல்றேன்.

மாவட்ட அறிவியல் ஆசிரியர்கள்னு ஒரு வாட்ஸப் குழு. கண்டிப்பா சேரணும்னு உத்தரவு. சேந்தேன். சேந்து சும்மாத்தான் இருந்தேன். ஒருநாள் ஒரு ஆசிரியர் மின்தடைக்கு அலகு போட்டு ஒரு படம் அனுப்புறாரு. தப்பு! ஓம்னு போட வேண்டிய எடத்துல ஓம் மீட்டர்னு போட்டிருக்காரு. கை சும்மா இருக்குமா? 'ஐயா, அலகைச் சரிபார்க்கவும்'னு போட்டேன். அப்பறம் பாருங்க, நன்றி ஐயா, அருமை ஐயா, தங்களைப் போன்ற மூத்தவர்கள் எங்களுக்குத் தேவை ஐயா. கும்பிடற கை படமா வந்து விழுது. இருபத்தேழு வருஷத்துல ஹெச்.எம். ஒருத்தர்கூட என்னை அருமைன்னு சொன்னதில்ல. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு தம்பி. வெக்கமில்லாமச் சொல்றேன்.

அதுக்கப்பறம் திருத்த ஆரம்பிச்சேன். செவப்பு மை செலவில்லாத திருத்தம். யாரு என்ன போட்டாலும் தப்பு சொல்லிடுவேன். வேதியியல்ல தப்பு சொல்லுவேன், எழுத்துப் பிழை சொல்லுவேன். ஒருத்தர் தன் பொண்ணு கல்யாணப் பத்திரிகை போட்டாரு, அதுல முகூர்த்தத்துக்கு ஒற்று விட்டுப் போச்சுன்னு சொன்னேன். பத்துக்கு ஏழரைன்னு மதிப்பெண்ணும் போட்டேன். அந்தக் குழுவுலேருந்து என்னை எடுத்துட்டாங்க. வேற குழுவுல சேந்தேன். அதுலயும் எடுத்துட்டாங்க. பிரிசில்லா டீச்சர்தான் சொல்லுச்சு, "சார், அடுத்தவங்க பாடத்துல தப்பு சொல்றத விட்டுட்டு, நீங்க உங்க பாடத்தைப் போடுங்க. உங்களுக்குத்தான் ஒளியியல் நல்லா வருமே"ன்னு. குறிச்சுக்கங்க, அதுதான் என்னை ஏத்தி விட்டுது. அதையும் இப்ப யாரும் பேசறதில்ல.

சேனல் தொடங்கினேன். 'கலியபெருமாள் அறிவியல்'. அந்தப் பொண்ணு என்னை ஒக்கார வச்சு ரெண்டு விஷயம் சொல்லுச்சு. ஒண்ணு, புள்ளைங்க முகத்தைக் காட்டாதீங்க. ரெண்டு, போனைப் பாத்துப் பேசாதீங்க, புள்ளைங்களைப் பாத்து நடத்துங்க, போன் அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கட்டும். சரிம்மான்னேன். முதல் வீடியோவ பதினோரு பேரு பாத்தாங்க. அதுல நாலு நான்.

இப்படியே ஓடிக்கிட்டிருந்தப்பதான், மாநில அளவுல ஒரு ஆசிரியர் குழு இருக்கு, அவங்க நேரலையில மாதிரி வகுப்பு ஒண்ணு எடுக்க முடியுமான்னு கேட்டாங்க. நேரலைன்னா தெரியுமில்ல, நடக்க நடக்க என் சேனல்லயே போகும். ஆயிரக்கணக்குல ஆசிரியர்கள் பாப்பாங்க. புள்ளைங்க எப்படிப் பதில் சொல்றாங்கன்னு பாக்கணும்னாங்க. முகத்தைக் காட்டாம எப்படிப் பதில் சொல்றதைக் காட்டறது? பிரிசில்லா டீச்சர்கிட்ட நான் இதைக் கேட்டுக்கல. சின்ன விஷயத்துக்கெல்லாம் எதுக்கு?

இங்கதான் நீங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். எங்க தொழில்ல ஒரு ஏற்பாடு இருக்கு. எல்லா ஸ்கூல்லயும் உண்டு, ஒருத்தரும் வெளிய சொல்ல மாட்டோம். ஆய்வுக்கு அதிகாரி வந்தா, வகுப்புல கேள்வி கேட்டதும் எல்லாப் புள்ளைங்களும் கை தூக்கணும். அப்பத்தான் அவரு முகம் மலரும். ஆனா எல்லாருக்கும் பதில் தெரியாதே? அதனால, தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. அதிகாரிக்கு வெறும் கைதான் தெரியும். வாத்தியாருக்கு வலதா இடதான்னு தெரியும். வலது கைய மட்டும் எழுப்பிக் கேப்போம். டக்குன்னு பதில் வரும். அதிகாரி நல்லபடியா எழுதிட்டு டீ குடிச்சிட்டுப் போவாரு. யாருக்கும் நஷ்டமில்ல. தெரியாத புள்ளைகூட கையத் தூக்கிக்கிட்டுக் கௌரவமா நிக்குது பாருங்க.

நேரலைக்கும் அதே ஏற்பாடுதான். புள்ளைங்களுக்குப் பழக்கம், சொல்லவே வேண்டியதில்ல.

பாடம், சமதள ஆடி. முகம் பாக்கற கண்ணாடிதான். ஒன்பதாம் வகுப்புப் பாடம். பத்தாவது ஒளியியல் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு பீரியட் ஞாபகப்படுத்தி விடுவேன், அதையே நடத்தினேன். போனைக் கரும்பலகைக்கு முன்னால ஸ்டாண்டுல நிறுத்தினேன். அதோட திரை வகுப்பைப் பாத்து இருக்கு. நான் அதுக்கு எதிர்ல நின்னு போனைப் பாத்துப் பேசறேன், புள்ளைங்க எனக்குப் பின்னால ஒக்காந்திருக்காங்க. செய்தி வாசிக்கிற மாதிரி. ஏன்னா கீழ கருத்து வந்துகிட்டே இருக்கும், அதைப் படிக்கணுமில்ல? 'அருமையான தொடக்கம் ஐயா'ன்னு வருது. படிக்காம இருக்க முடியுமா?

கேள்வி கேட்டேன். சமதள ஆடியில் தோன்றும் பிம்பத்தின் பண்புகள் யாவை? பின்னால எல்லாரும் கை தூக்கினாங்க. திரையில பாக்கறேன், கண்கொள்ளாக் காட்சி. ஆளைத் தேர்ந்தெடுத்தேன். நிவேதா, எழுந்து சொல்லு.

எழுந்தா. "எனக்குத் தெரியாது சார். நான் இடது கைதான் சார் தூக்கியிருக்கேன்"னா.

நேரலையில. ஆயிரக்கணக்குல ஆசிரியர்கள்.

எப்படி ஆச்சுன்னு புரியுதா? புரிஞ்ச மாதிரி தலையாட்டாதீங்க, சொல்றேன். நான் எப்பவும் புள்ளைங்களைப் பாத்துத்தான் நிப்பேன். அவங்க வலது கை எனக்கு இடப்பக்கம் தெரியும். வருஷக்கணக்கா என் கண்ணு அப்படித்தான் பழகியிருக்கு, எனக்கு இடப்பக்கம் கை தெரிஞ்சா பதில் தெரிஞ்ச புள்ள. போன்ல முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி. மாத்திக் காட்டும். நான் திரையில இடப்பக்கம் தெரிஞ்ச கையப் பாத்துக் கூப்பிட்டேன். அது அவளோட இடது கை.

இதுக்குப் பேரு இடவல மாற்றம். அன்னிக்கு நான் நடத்திக்கிட்டிருந்த பாடமே அதுதான். அதைச் சொல்லிக் காட்டாத ஆளில்ல. பரவால்ல, நீங்களும் சிரிச்சுக்கங்க.

நான் அசரல. சரி, அடுத்து, அப்படின்னு வேற ஆளைக் கூப்பிட்டேன். பாடத்தை முழுசா முடிச்சேன். முடிச்சிட்டு வந்து பாத்தா, சேனலுக்குள்ள ஊரே வந்து நிக்குது. கருத்துன்னா கருத்து, அவ்வளவு கருத்து. எங்க ஸ்கூல்லயும் இப்படித்தான் சார்னு ஒருத்தரு. நாங்க கட்டைவிரலை மடக்கச் சொல்லுவோம்னு ஒருத்தரு. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருத்தரு, 'இத்தனை வருஷம் என்னை ஏமாத்திட்டீங்களேய்யா'ன்னு அழுவற படம் போட்டிருந்தாரு. நாலு லட்சம் பேரு பாத்தாங்க தம்பி. நாலு லட்சம்! எங்க ஊரு ஜனத்தொகையக் கூட்டினாலும் வராது.

அதுல எவனோ ஒரு வேலையத்தவன், அந்தப் பொண்ணு எழுந்து சொல்றத மட்டும் வெட்டி, பின்னால ஒரு தவில் சத்தத்தைச் சேத்து தனியா விட்டுட்டான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நான் வெட்டினேனா? நான் தவிலு வாசிச்சேனா?

ஆனா நல்லதையும் சொல்லணும். அந்தக் கருத்துகளுக்கு நடுவுல மலையில ஏதோ ஒரு ஸ்கூல்ல வேலை பாக்கற டீச்சர் எழுதியிருந்துச்சு. 'நானும் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதிகாரி போன பிறகு இடது கைகளைத்தான் முதலில் கேட்பேன். என்ன தெரியாது என்று.' நான் சண்டை போட்டேன். ஒரு வாரம் போட்டேன். தெரியாதவன்கிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு எழுதினேன். அது பொறுமையா பதில் எழுதுச்சு. சரி, பாப்போமேன்னு என் வகுப்புல செஞ்சு பாத்தேன். ஆச்சரியம் தம்பி. தெரியாதுங்கிற புள்ளைக்கு எது தெரியலன்னு நல்லாத் தெரியுது! இத்தனை வருஷத்துல இது எனக்குத் தோணவே இல்ல. இப்ப என் வகுப்புல முதல்ல இடது கை, அப்பறம்தான் வலது கை. மாதத் தேர்வுல ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் ஏறியிருக்காங்க. இதுக்கு 'இடது கை முறை'ன்னு பேரு வச்சு, பயிற்சி மையத்துல பேசினேன். சால்வை போட்டாங்க. சமூக ஊடகம் இல்லன்னா இந்தத் தொழில்முறை வளர்ச்சி எனக்கு வந்திருக்குமா? சொல்லுங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் பிரயோஜனம். அவ ஒருத்திதான் வகுப்புல இல்ல.

அவங்க அம்மா வந்தாங்க. வேல கெட்டு வந்து ஆசிரியர் அறைக்கு வெளிய நின்னாங்க. உள்ள வாங்கம்மான்னா வரல.

"சார், கடையில உப்பு வாங்கப் போனா, இடது கையில குடுக்கவா வலது கையில குடுக்கவான்னு கேக்கறானுவ சார். பஸ்ஸுல ஏறினா பசங்க பூராவும் இடது கையத் தூக்கறானுவ. வீட்ட விட்டு வெளிய வரமாட்டேங்குது"ன்னாங்க.

நான் சமாதானமாத்தான் சொன்னேன். "அம்மா, இது உங்க பொண்ணு ஒருத்தி சம்பந்தப்பட்டது இல்ல. ஆசிரியர் சமுதாயத்துக்கே பயன்படற விஷயம். அவளால எவ்வளவு பேரு கத்துக்கிட்டாங்க தெரியுமா?"

"அவ எப்ப சார் கத்துக்கறது?"ன்னாங்க. கொஞ்சம் கோவக்கார அம்மா. அப்பறம் கொரலைத் தாழ்த்திக்கிட்டு, "அதை எடுத்துடுங்க சார். மறுநாளே அவளை நான் அனுப்பி வைக்கிறேன்"னாங்க.

எடுத்துடுங்கன்னா? சுலபமாச் சொல்லிடறாங்க. அந்தக் கருத்தெல்லாம் போயிடுமே? அது ஒரு பொக்கிஷம். அதனால நடுவுல ஒரு வழி கண்டுபிடிச்சேன். அவ முகத்தை மங்கலாக்கிட்டேன். அதுக்கு வசதி இருக்கு. இப்ப பாத்தா முகமே தெரியாது, கை மட்டும் தெளிவாத் தெரியும். பிரிசில்லா டீச்சர் பாத்துட்டு, "சார், கைய வச்சுத்தானே சார் கிண்டலே பண்றாங்க"ன்னுச்சு. என்ன பண்ணாலும் குத்தம் சொல்றவங்களுக்கு என்ன செய்யறது?

இப்பவும் நான் வெறுங்கையோட போகல. இந்தாங்க, பாருங்க. சான்றிதழ். 'நேரலை வகுப்பில் சிறப்பாகப் பங்கேற்றமைக்காக'. நானே வடிவமைச்சு, கையெழுத்துப் போட்டு, லேமினேட் பண்ணி எடுத்துட்டு வர்றேன். அந்த ஊர்ல யாரு வீட்டுலயும் இருக்காது.

சரி தம்பி, இப்ப நீங்க சொல்லுங்க. வெளியாளு சொல்லணும்னு சொன்னேனில்ல.

வீடியோவப் பாக்கணுமா? இவ்வளவு நேரம் நான் சொன்னது பத்தலையா? சரி, இந்தாங்க, இதுதான். பஸ்ஸு இரைச்சல்ல கேக்காது, காதுகிட்ட வச்சுக்கங்க. முதல் நாலு நிமிஷம் நான் அறிமுகம் பேசறேன், அதைத் தள்ளிடாதீங்க, நல்லா இருக்கும். தள்ளிட்டீங்களா. சரி.

ஆங், அதுதான். எழுந்துட்டாளா? தெரியாது சார்னு சொல்றாளா? அதைத்தான் நாலு லட்சம் பேரு கேட்டாங்களே.

அதுக்கப்பறமா? அதுக்கப்பறம் அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் பேசறேன். 'சரி, அடுத்து'ன்னு. என்னது, எனக்குப் பின்னால அவ கொரல் கேக்குதா? இருக்காது. குடுங்க.

இல்லியே. என் கொரல்தான் கேக்குது. திருப்பி வைக்கிறேன். ம்.

இருங்க.

இன்னொரு தடவை வைக்கிறேன். "இடதும் வலதும்..." என்னமோ சொல்றா. நான் வேற கத்திக்கிட்டிருக்கேன். நீங்க கேளுங்க, உங்களுக்குக் காது நல்லா இருக்கு. வார்த்தை வார்த்தையாச் சொல்லுங்க.

"கண்ணாடியில இடதும் வலதும் மாறுதுன்னா, தலையும் காலும் ஏன் சார் மாறல?"

அப்படியா கேக்கறா? நல்லாக் கேட்டுதா உங்களுக்கு?

நான் இதைக் கேட்டதே இல்ல தம்பி. எத்தனை தடவை இந்த வீடியோவத் திறந்திருப்பேன். திறந்ததும் கீழ போயிடுவேன், கருத்து படிக்க. மேல என்ன ஓடுதுன்னு பாத்ததில்ல. தெரியாது சார்னு அவ சொன்னதும் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். எது தெரியலங்கிறதையும் சொல்லியிருக்கா.

இது நல்ல கேள்வி. ரொம்ப நல்ல கேள்வி. இருபத்தேழு வருஷமா இந்தப் பாடத்தை நடத்தறேன், ஒரு புள்ள இதைக் கேட்டதில்ல. இதுக்குப் பதில் வந்து... இருங்க. கண்ணாடி வந்து... இடவல மாற்றம்னா, அதாவது, ஒளிக்கதிர் வந்து பட்டு...

ஒரு நிமிஷம். குழுவுல கேட்டுப் பாக்கறேன். மாநிலக் குழு, இதுல எடுக்காம வச்சிருக்காங்க என்னை. 'நண்பர்களே, ஒரு மாணவியின் ஐயம்'. போட்டாச்சு. பாருங்க, உடனே வருது. 'அருமையான கேள்வி ஐயா'. கும்பிடற கை. 'சிந்திக்க வைக்கும் பதிவு'. கும்பிடற கை. காலை வணக்கம் ரோஜாப்பூ, மணி மூணாவுது. பதிலக் காணோம். மலை ஸ்கூல் டீச்சர் பாத்திருந்தா சொல்லியிருக்கும், அங்க டவர் கெடைக்கணும்.

எனக்கும் தெரியல தம்பி. என்னமோ மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு கேட்டப்ப இது காதுல விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாம ஒக்காருன்னுதான் சொல்லியிருப்பேன்.

நிறுத்தலியா நீங்க? இன்னும் எதுக்குப் பாக்கறீங்க, மிச்சம் நான் நடத்தறதுதான். யாரு? யாரு கை?

எங்க, காட்டுங்க. ரெண்டாவது பெஞ்சு. முகம் மங்கலா இருக்கறது அவதான். ஒக்காந்துட்டா. கை மேலயே இருக்கு. நான் அடுத்த ஆளக் கேக்கறேன், அவன் பதில் சொல்றான், கை மேலயே இருக்கு. கொஞ்சம் தள்ளுங்க. இங்க நான் கரும்பலகையில படம் வரையறேன். இருக்கா? இருக்கு. இன்னும் தள்ளுங்க. வலது கையால இடது முழங்கையத் தாங்கிப் புடிச்சிருக்கா பாருங்க. வலிக்குது போல. கடைசிக்குப் போங்க. நான் நன்றி சொல்லி எல்லாரையும் கும்பிடறேன். பின்னால கை அப்படியே நிக்குது.

ஏன்னா கேக்கறீங்க? என் வகுப்புல அப்படித்தான். நான் எறக்கச் சொல்ற வரைக்கும் தூக்கின கைய எறக்கக் கூடாது. ஒழுங்கு. மத்த புள்ளைங்க போன் ஓடுற தைரியத்துல எறக்கிட்டாங்க. அவ எறக்கல. நான் சொல்லலியே.

பேனா வச்சிருக்கீங்களா? குடுங்க. இந்த டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக்கறேன். இடதும் வலதும் மாறுதுன்னா, தலையும் காலும் ஏன் சார் மாறல. சார்ங்கிறதையும் எழுதிட்டேன், இருக்கட்டும்.

இதுல எடுக்கறது எங்க இருக்கு? மூணு புள்ளி. ஆமா, தெரியும், எனக்குத் தெரியும். 'நிரந்தரமாக நீக்கவா?'ன்னு கேக்குது. நாலு லட்சம் தம்பி. நாலு லட்சம் பேரு பாத்து ஒருத்தன் காதுலயும் விழல.

எடுத்தாச்சு.

நீங்க அப்படிப் பாத்ததுக்காக எடுக்கல. அவங்க அம்மா சொன்னதுக்காகவும் இல்ல. புள்ள கேள்வி கேட்டு, வாத்தியார் பதில் சொல்லாம முடிச்சா அது பாடமே இல்ல. பாடமில்லாதத சேனல்ல வச்சிருக்கக் கூடாது, அவ்வளவுதான். தவிலு போட்டு வெட்டினவன்கிட்ட பிரிசில்லா டீச்சர் மூலமாச் சொல்லிப் பாக்கலாம். அதுக்கு அதெல்லாம் தெரியும். கேட்டா செய்யும்.

சாத்தங்குப்பமா? இதுவா? கண்டக்டர், ஆள் எறங்கணும், விசில் ஊதுங்க. முந்திரி உடைக்கிற அஞ்சலாட்சி வீடுன்னு கேட்டா காட்டுவாங்கல்ல? பேனாவ வாங்கிக்கங்க.

வருவாளான்னு தெரியல. வந்தா, அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கும் தெரியலன்னு அப்பறமாச் சொல்லிக்கலாம். மொதல்ல கைய எறக்கச் சொல்லணும்.